ஆன்லைன் ஸ்லோ ஜாமில் உட்கார்ந்து ஓல்ட்-டைம் டியூன் கற்றுக்கொள்ள முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியும். கோவையில் இருக்கிறீர்கள். கர்னாடக வயலின் பல வருடம் முறையாகக் கற்றிருக்கிறீர்கள். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பகுதியில் வாசிக்கப்படும் ஓல்ட்-டைம் பிடில் இசை காதில் விழுந்து, பிடித்துப்போய், ஜூமில் நடக்கும் ஒரு ஸ்லோ ஜாமில் (பலர் கூடி மெதுவான வேகத்தில் சேர்ந்து வாசிக்கும் அமர்வு) சில வாரங்கள் உட்கார்ந்து பார்த்தீர்கள். நடத்துபவர் ஒருவர் வாசிக்கிறார், மற்ற எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டுக் கூடவே வாசிக்கிறார்கள், மூன்று நான்கு சுற்று போனதும் அடுத்த டியூன். “ஒன்றுமே கையில் நிற்கவில்லை, நான் வாசிப்பதை யாரும் கேட்பதும் இல்லை. இப்படி உட்கார்வதில் பிரயோஜனம் உண்டா, இல்லை நொட்டேஷன் வாங்கித் தனியாகப் படித்துவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பைத் திருத்த ஆளில்லாத இடத்தில் காதால் மட்டும் ஒரு இசையைக் கற்க முடியுமா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்பதாக எனக்குப் படுகிறது. முடியும் என்பது என் பதில். ஆனால் ஸ்லோ ஜாம் எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யவே செய்யாது என்று தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்.

நானும் சின்ன வயதில் கர்னாடக வயலினில் தொடங்கியவன்தான். வேலைக்காக வட கரோலைனா வந்த பிறகு ஓல்ட்-டைம் பிடிலுக்குள் போய், இப்போது இங்கே சிலரோடு சேர்ந்து ஆன்லைன் ஸ்லோ ஜாம் நடத்தவும் செய்கிறேன். பிடிலைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். மீட்டி வாசிக்கும் தந்தி வாத்தியமான பாஞ்சோவில் என் பழக்கம் துணைக்கு வாசிக்கும் அளவோடு சரி, அதனால் அதன் நுட்பங்களுக்குள் போகவில்லை.

முதலில், கற்கவேண்டியது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். இந்த டியூன்களில் பெரும்பாலானவை ஸ்கொயர் டான்ஸ் போன்ற ஆட்டங்களுக்கு வாசித்தவை. இரண்டு பகுதிகள் இருக்கும். முதல் பகுதி இரண்டு தடவை, அப்புறம் இரண்டாம் பகுதி இரண்டு தடவை. ஒவ்வொரு பகுதியும் 16 அடி (தாளத்தின் ஒரு தட்டு ஒரு அடி), அதாவது எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், இரண்டு சுற்று. முழுச் சுற்றுக்கு 64 அடி. ஆட்டத்துக்கு வாசிக்கும்போது நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டி ஓடும், சுற்று அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்லோ ஜாமில் 60 முதல் 80 வரை வைப்பார்கள், சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். பகுதிகள் திரும்பி வருவதால் புதிதாகப் பாடம் செய்ய வேண்டியது நான்கு ஆவர்த்தனம்தான். அதிலும் ஒரு பகுதியின் இரண்டாம் ஆவர்த்தனம் பல டியூன்களில் முதலாவதைப் போலவே தொடங்கி, முடிவில் மட்டும் மாறும். வர்ணம் போன்ற நீண்ட உருப்படியைப் பாடம் செய்தவருக்கு இது ஒரு சுமையே இல்லை. அடி கூடியும் குறைந்தும் வரும் டியூன்களும் உண்டு, அவற்றை க்ரூக்கட் டியூன் என்பார்கள். நல்ல ஸ்லோ ஜாமில் ஆரம்பத்தில் அவற்றைத் தொட மாட்டார்கள்.

அப்படியானால் ஏன் கையில் நிற்கவில்லை? நேரில் நடக்கும் ஜாமில் ஒரே டியூன் பத்துப் பதினைந்து சுற்று போவது சாதாரணம். ப்ளூகிராஸ் என்ற இன்னொரு அமெரிக்க இசை வகையைப் போல ஆளுக்கொரு முறை தனியாக வாசிக்கும் வழக்கம் இங்கே கிடையாது. எல்லோரும் ஒன்றாக, அதே டியூனைச் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். நடத்துபவர் காலைத் தூக்கினால் இதுதான் கடைசிச் சுற்று என்று அர்த்தம். அந்தச் சுழற்சியில்தான் டியூன் உள்ளே இறங்கும். முதல் மூன்று சுற்று கேட்பதற்கு, அடுத்த மூன்று தடவி எடுப்பதற்கு, அதற்குப் பிறகுதான் வாசிப்பு. நீங்கள் போன அமர்வில் சுற்று மூன்று நான்கோடு நின்றுவிடுகிறது. அந்த அளவுக்குள் முன்பின் கேட்டிராத ஒரு டியூனைப் பிடிக்க இங்கே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலருக்கு வராது. உங்கள் காதில் குறையில்லை. அந்த அமர்வு ஏற்கெனவே தெரிந்த டியூனைச் சேர்ந்து வாசிக்க ஏற்பட்டது, நீங்கள் அதில் புதிதாகக் கற்கப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு வகை அமர்வும் ஸ்லோ ஜாம் என்ற ஒரே பெயரில் நடக்கின்றன. சேரும் முன்பே “துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுப்பீர்களா, நேராக வாசிக்கத் தொடங்கிவிடுவீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். சொல்லிக்கொடுக்கும் அமர்வில் நடத்துபவர் ஒரு சிறு இசைத் துண்டை வாசித்து நிறுத்துவார், நீங்கள் திரும்ப வாசிப்பீர்கள். குருவிடம் உட்கார்ந்து கற்ற முறையேதான், உங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

மைக்கை அணைக்கச் சொல்வது பற்றி உங்களுக்கு வருத்தம் இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. அது நடத்துபவர்களின் பிடிவாதமென்று நினைக்க வேண்டாம், பௌதிகம்தான். சேர்ந்து வாசிப்பவர்களுக்கு இடையே ஒலி 25, 30 மில்லி விநாடிக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தாளம் குலையத் தொடங்கும். காற்றில் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏற்படும் தாமதம் அவ்வளவுதான். ஜூம் போன்ற செயலிகளில் 100, 200 மில்லி விநாடி சர்வ சாதாரணம். ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, வேகம் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் நின்றே விடும். தாமதத்தைக் குறைக்க ஜாமுலஸ், சோனோபஸ், ஜாக்ட்ரிப் என்று தனி மென்பொருள்கள் இருக்கின்றன. கம்பி வழி இணையம் இருந்தால் ஒரே ஊருக்குள் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒளியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரை 13,000 கிலோமீட்டருக்கு மேல். போவதற்கு மட்டுமே 65 மில்லி விநாடி ஆகிவிடும், எந்த மென்பொருளாலும் அதைக் குறைக்க முடியாது. ஆகவே கோவையிலிருந்து வட கரோலைனா ஆட்களோடு ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 2020-இல் பெருந்தொற்று வந்து நேரடி ஜாம்கள் நின்றபோது பலர் ஜூமுக்கு வந்தார்கள். ஒருவர் மட்டும் ஒலிக்க, மற்றவர்கள் மௌனமாக வாசிக்கும் ஏற்பாடு பரவலானது அப்போதுதான். உங்களைப் போல தூரத்தில் இருப்பவர்களுக்குக் கதவு திறந்ததும் அப்போதுதான்.

சரி, எப்படிக் கற்பது? அமர்வின் பட்டியலிலிருந்து ஒரே ஒரு டியூனை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலை முன்கூட்டியே அனுப்புவது வழக்கம், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அந்த வாரம் முழுக்க வாத்தியத்தைத் தொடாமல் அதைக் கேளுங்கள். சமையல் செய்யும்போதும் பஸ்ஸில் போகும்போதும் ஓடவிடுங்கள். வாயால் முனக வந்த பிறகுதான் பிடிலை எடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை. முனக வராத டியூன் விரலுக்கும் வராது. அப்புறம் ஆதார ஸ்வரமான ஷட்ஜம் எங்கே என்று பாருங்கள், ஒவ்வொரு ஆவர்த்தனமும் எந்த ஸ்வரத்தில் வந்து நிற்கிறது என்று பாருங்கள். நடுவில் என்ன ஓடுகிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அமர்வில் அந்த ஒரு டியூனைத்தான் முழுதாக வாசிக்க முயல வேண்டும். மற்ற டியூன்கள் போகும்போது ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் தாளத்துக்கு இழுத்துக்கொண்டு, முடிவு ஸ்வரங்களை மட்டும் பிடித்துப் பழகுங்கள். நாலு மாதத்தில் அந்த டியூன்களிலும் பாதி தானாக உள்ளே வந்திருக்கும். நாலு மாதம் என்பது என் அனுமானம்தான், ஆளைப் பொறுத்து மாறும்.

ஒரு டியூனைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். ஓல்ட் ஜோ கிளார்க் எல்லா ஸ்லோ ஜாமிலும் வரும். ஏ சுருதியில் வாசிப்பார்கள் (ஏ, டி, ஜி, இ எல்லாம் மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்), ஏ-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி பஞ்சமத்தில் பிடித்து ப த நி த ப ம க என்று இறங்கும். நிஷாதம் கைசிகி, அதாவது தாழ்ந்தது. காந்தாரம் அந்தரம், அதாவது உயர்ந்தது. ஹரிகாம்போஜி ராகத்தின் ஸ்வரங்கள்தான், ஒரே மூச்சில் எழுதிவிடலாம். ஆனால் எழுதியதை நீங்கள் பழக்கப்படி வாசித்தால் இங்கே யாருக்கும் ஓல்ட் ஜோ கிளார்க் என்று தெரியாது. உங்கள் விரல் அந்த நிஷாதத்தை அசைக்கும், தைவதத்திலிருந்து ஏற்றிப் பிடிக்கும். இங்கே அது அசையாமல், அடி விழும் இடத்தில் பட்டென்று விழ வேண்டும். காந்தாரத்துக்கு வேண்டுமானால் கீழிருந்து ஒரு சின்ன சறுக்கல் உண்டு. அதுவும் சில பழைய வாசிப்பாளர்களிடம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ நிற்கும். அதைக் கேட்டுத்தான் பிடிக்க முடியும், அந்த ஸ்தானத்தை எழுத்தில் காட்ட முடியாது. நம் காது அந்த நுணுக்கத்துக்கு ஏற்கெனவே பழகியது, இதில் உங்களுக்கு நல்ல அனுகூலம் இருக்கிறது. கமகத்தை, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் பழக்கத்தை, விடுவதற்குத்தான் பாடுபட வேண்டியிருக்கும்.

இடது கையில் விட்டதெல்லாம் வலது கைக்கு வந்து சேரும். ஓல்ட்-டைம் பிடிலின் உயிர் வில்லில்தான் இருக்கிறது, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நீளம், குட்டை, குட்டை என்று வில்லை மாற்றி மாற்றி இழுக்கும் ஷஃபிள் அடிப்படைப் பாடம். ஆனால் எல்லா இடத்திலும் இயந்திரம் மாதிரி அதையே போட்டால் உயிர் போய்விடும். கனம் பெரும்பாலும் அடி விழும் இடத்தில் விழாது, அடிக்கும் அடிக்கும் நடுவே எடுப்பாக விழும். கிடாரில் தாழ்ந்த ஒலி தரும் பாஸ் தந்தி அடி விழும் இடத்தில் ஒலிக்க, மேல் தந்திகளை வாரும் ‘சக்’ ஒலி நடுவில் வருகிறதே, வில்லின் அழுத்தம் அந்தச் ‘சக்’கோடு சேர வேண்டும். தாளம் போட்டுப் பழகிய நமக்கு இது முதலில் தலைகீழாகத் தெரியும்.

மெதுவாக வாசிப்பதில் இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. 60-இல் வாசிக்கும்போது நேரம் நிறைய இருப்பதால் வில்லை முழு நீளத்துக்கு இழுத்துவிடுவோம், கேட்கவும் இனிமையாக இருக்கும். வேகம் 100-ஐத் தொட்டதும் அவ்வளவு வில்லுக்கு நேரம் இருக்காது, கை சிக்கிக்கொள்ளும். எனவே மெதுவாக வாசிக்கும்போதும் வேகத்தில் எவ்வளவு வில் செலவாகுமோ அவ்வளவே செலவழியுங்கள், நாலு விரற்கடைக்குள். ஒலி கொஞ்சம் நசுங்கியது போல இருக்கும், இருக்கட்டும். வில்லை அடிக்கட்டையில் பிடிக்காமல் ஓரிரு அங்குலம் மேலே தள்ளிப் பிடிக்கும் பழைய ஆட்கள் நிறைய உண்டு, முயன்று பாருங்கள். ஆன்லைன் அமர்வில் ஒரு வசதி என்னவென்றால் நடத்துபவரின் வலது முழங்கையும் மணிக்கட்டும் முழுத்திரையில் தெரியும். நேரில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது அந்த இடம் கிடைக்காது. கேமரா முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தால், வில் தெரியும்படி திருப்பச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். நான் பார்த்தவரை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது, யாரும் கேட்கவில்லை என்ற விஷயத்துக்கு வருகிறேன். யாரும் கேட்காத இடத்தில் நீங்கள்தான் கேட்க வேண்டும், அதற்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பெரிய சிக்கல், பிடில் நம் காதுக்கு அடியில் இருப்பது. நம் சத்தமே நடத்துபவரின் சத்தத்தை அமுக்கிவிடும். சரியாக வாசித்துவிட்டது போலத் தோன்றும், உண்மையில் அவர் எப்போதோ இரண்டாம் பகுதிக்குப் போயிருப்பார். பிரிட்ஜின் மேல் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் ரப்பர் மியூட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி, அவர் சத்தம் உங்கள் சத்தத்தைவிடத் தூக்கலாக இருக்கும்படி வையுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கிடாரின் பாஸ் தந்தி அதில் காணாமல் போகும், தாளத்துக்கான பிடியே அதுதான். ஜூமில் இசைக்கென்று ஒரிஜினல் சவுண்ட் என்ற வசதி இருக்கிறது. நடத்துபவர் அதைப் போடாவிட்டால், இழுத்து வாசிக்கும் பிடில் ஒலியைச் செயலி பின்னணி இரைச்சலென்று நினைத்து வெட்டிவிடும். உங்களுக்கு ஸ்வரங்கள் விட்டு விட்டுக் கேட்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான், அவரிடம் சொல்லுங்கள். அப்புறம், வேறொரு போனை மேஜையில் வைத்து அமர்வு நேரத்தில் உங்கள் வாசிப்பைப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள், அன்றைக்கே வேண்டாம். எந்த ஆவர்த்தனத்தில் வழுக்குகிறீர்கள் என்று அப்பட்டமாகத் தெரியும். மைக்கை அணைத்து நடத்துகிற அமர்வில் தப்பாக வாசிக்க முழுச் சுதந்திரம் இருக்கிறது. நேரில் அது கிடையாது. கூச்சமில்லாமல் தடவித் தடவி ஸ்வரம் தேடலாம். நான் இதைக் குறையாகவே பார்க்கவில்லை. காதால் கற்பதில் தடவல்தான் பாதி வேலை.

ஸ்லோ ஜாம் மட்டும் போதுமா என்றால் போதாது. நடத்துபவர் வாசிப்பது எல்லோரும் பின்தொடர்வதற்காக நுணுக்கங்களை மழித்துக் கொடுத்த வடிவம். அந்த டியூன் யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டும். நம்மிடம் இது எந்தப் பாடாந்தரம், யார் வழி வந்த பாடம் என்று கேட்கும் பழக்கம் இருக்கிறதல்லவா, இங்கேயும் அதே மரியாதை உண்டு. நல்ல நடத்துபவர் டியூன் பெயரைச் சொல்லும்போதே யாருடைய வாசிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்வார். உதாரணமாக ஓவர் தி வாட்டர்ஃபால் ஜாம்களில் நிறைய வரும். டி சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் கைசிகி நிஷாதம் எட்டிப்பார்க்கும். இது பரவியது வர்ஜீனியாவின் க்ளென் லின் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஹென்றி ரீட் என்ற பிடில் வாசிப்பாளரிடமிருந்து. 1884-இல் பிறந்தவர், 1968-இல் இறந்தார். ஆலன் ஜாபர் என்ற இளம் ஆய்வாளர் 1966, 67-இல் அவரைத் தேடிப் போய்ப் பதிவு செய்து, தானும் வாசித்து மற்றவர்களுக்குக் கொண்டு சேர்த்தார். எண்பது தாண்டியவரின் அந்தப் பதிவுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே போல வட கரோலைனாவின் மவுண்ட் ஏரிக்குப் பக்கத்தில் வாழ்ந்த டாமி ஜாரெல், கென்டக்கியின் கிளைட் டேவன்போர்ட் இருவரின் பதிவுகளையும் கேளுங்கள். ஜாரெல் நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன் செய்யும் இயந்திரம் ஓட்டி வாழ்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுக்கு நாடெங்கிலிருந்தும் இளைஞர்கள் வந்து தங்கிக் கற்றார்கள். இன்று ரவுண்ட் பீக் பாணி என்று உலகமெங்கும் வாசிக்கப்படுவதில் பெரும் பங்கு அந்த வீட்டிலிருந்து போனது. ஸ்லிப்பரி ஹில் என்ற இணையக் களஞ்சியத்தில் இப்படிப்பட்ட வாசிப்புகள் ஏராளமாக இருக்கின்றன. வேகமாக இருந்தால் யூடியூபிலேயே வேகத்தைக் குறைக்கலாம், ஆடாசிட்டி என்ற மென்பொருளில் சுருதி மாறாமல் மெதுவாக்கலாம். ஸ்லோ ஜாமில் எலும்புக்கூடு கையில் வந்ததும் மூலப் பதிவுக்குப் போங்கள், முழு வேகத்திலும் கேளுங்கள். மெதுவாக்கியதில் டியூனின் துள்ளல் கரைந்துபோகிறது. மெதுவான வடிவத்தை மட்டுமே கேட்டவர்கள் பிறகு வேகமாக வாசித்தாலும் மெதுவான டியூனை ஓட்டியது போலத்தான் இருக்கும்.

நொட்டேஷன் பற்றி இங்கேயே இரண்டு கட்சி உண்டு. கூடவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள், தொடக்கத்தில் கைத்தடியாக இருக்கட்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வழியிலும் நல்ல வாசிப்பாளர்கள் வந்திருக்கிறார்கள், அதனால் இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் நிலை, டியூனை முனக வந்த பிறகு நீங்களே ஸ்வரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், முன்னால் பிறர் எழுதியதைப் பார்க்காதீர்கள் என்பது. எழுத்து எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. 1937-இல் கென்டக்கியின் சாலியர்ஸ்வில்லில் வில்லியம் ஸ்டெப் வாசித்த போனபார்ட்ஸ் ரிட்ரீட் என்ற டியூனை நாட்டுப்புற இசை சேகரித்த ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். அதை ரூத் கிராஃபர்ட் சீகர் மிகக் கவனமாக நொட்டேஷனாக்கினார். அந்த எழுத்திலிருந்து இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் 1942-இல் தன் ரோடியோ பாலேயின் ஹோ-டவுன் பகுதியை அமைத்தார். மிகப் புகழ் பெற்ற இசை, நானும் விரும்பிக் கேட்பேன். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஸ்டெப்பின் பிடிலில் கடைசிக் கீழ்த்தந்தியை டி-க்கு இறக்கி வைத்திருக்கும், மெட்டுக்கு அடியில் அது உறுமிக்கொண்டே வரும். ஆர்க்கெஸ்ட்ராவில் ஸ்வரங்கள் வந்துவிட்டன, அந்த உறுமல் வரவில்லை.

தந்தி என்றதும் உங்கள் இன்னொரு கேள்வி, வேறு வயலின் வாங்க வேண்டுமா என்பது. வேண்டாம். டி, ஜி டியூன்களுக்கு மேற்கத்திய வழக்கப்படி ஜி-டி-ஏ-இ சுருதி. ஏ டியூன்களுக்குப் பலர் கீழ்த்தந்திகள் இரண்டையும் ஒவ்வொரு முழு ஸ்வரம் ஏற்றி ஏ-இ-ஏ-இ என்று வைப்பார்கள். கவனித்துப் பாருங்கள், அது ச-ப-ச-ப. உங்கள் கை பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி உணரும். பக்கத்துத் தந்தியைச் சேர்த்து இழுத்து ஷட்ஜ பஞ்சமத்தை ஒலிக்கவிடுவது இந்தப் பாணியின் ஆதாரம், உங்கள் விரல் கணக்கும் மாறாது. அதனாலேயே நான் உங்களை ஏ டியூன்களில் தொடங்கச் சொல்வேன், இங்கே பலர் டி-யில் தொடங்கச் சொன்னாலும். ஒரு எச்சரிக்கை. பாட்டுக்குத் தாழ்ந்த சுருதியில் வைத்துப் பழகிய பழைய தந்தியை ஒரேயடியாக இவ்வளவு மேலே முறுக்கினால் அறுந்துவிடும், பிரிட்ஜும் சாயும். சாதாரண ஸ்டீல் தந்தி ஒரு செட் புதிதாக மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், ஏற்றும்போது பிரிட்ஜ் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுருதி மாற்றுவது இவ்வளவு வேலை என்பதால்தான் ஜாமில் ஒரே சுருதியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். தரையில் உட்கார்ந்து காலில் ஊன்றி வாசிக்கும் நிலையை மாற்ற வேண்டியதில்லை. பழைய அப்பலாச்சிய வாசிப்பாளர்களில் பிடிலைத் தாடையில் இடுக்காமல் நெஞ்சில் சாய்த்து வாசித்தவர்கள் ஏராளம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இது வெள்ளையரின் மலைநாட்டு இசை என்று மட்டும் நினைத்துக்கொண்டு உள்ளே வராதீர்கள். பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்திய மரபிலிருந்து பிறந்தது. பிடிலையும் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள். வட கரோலைனாவின் மெபேன் ஊரைச் சேர்ந்த ஜோ தாம்சன் 2012-இல் இறக்கும்வரை அந்த மரபைக் காத்தவர், 1918-இல் பிறந்தவர். அவரிடம் கற்ற இளைஞர்கள்தான் 2005-இல் கரோலைனா சாக்லேட் டிராப்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். மறுபக்கம், கறுப்பர்களைக் கேலி செய்த 19-ஆம் நூற்றாண்டு மின்ஸ்ட்ரல் மேடைகளிலிருந்து வந்த பாடல்களும் இந்தக் கையிருப்பில் கலந்திருக்கின்றன. ஸ்லோ ஜாமில் எல்லோரும் முதலில் கற்கும் ஆஞ்சலீன் தி பேக்கர்கூட ஸ்டீபன் ஃபாஸ்டர் 1850-இல் அந்த மேடைக்கு எழுதிய பாட்டின் வழி வந்ததுதான். மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும் அழகான டியூன், நீங்களும் நிச்சயம் கற்பீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வாசியுங்கள். நடத்துபவர்கள் சில டியூன்களின் பெயரை மாற்றிச் சொன்னாலும், வரிகளைப் பாடாமல் விட்டாலும், காரணம் இதுவே.

ஆன்லைனில் கிடைக்கவே கிடைக்காதது ஒன்று உண்டு. பிடிலும் பாஞ்சோவும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டு ஓடும்போது வரும் அந்த இழுப்பு, அது எதிரே ஆள் இருந்தால்தான் வரும். நீங்கள் நடத்துபவரைப் பின்தொடரலாம், அவர் உங்களைக் கேட்டு ஒரு மயிரிழை மாற மாட்டார். இதற்குக் கோவையிலேயே வழி இருக்கிறது. கிடார் வாசிக்கும் ஒருவரைப் பிடியுங்கள், நிச்சயம் கிடைப்பார். ஓல்ட் ஜோ கிளார்க்குக்கு ஏ, ஜி இரண்டு கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) தெரிந்தால் பெரும்பாலும் போதும். பாஸ் தந்தி, ‘சக்’, பாஸ் தந்தி, ‘சக்’ என்று நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கிடார்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. மாதம் இரண்டு மாலை இப்படி உட்கார்ந்தாலே, ஆன்லைனில் கற்றதெல்லாம் வேறு உருவம் எடுக்கும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் கைவிடுகிறார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை ஏழு மணி அமர்வு உங்களுக்குக் கோடையில் மறுநாள் அதிகாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. மேற்குக் கரையில் அதே ஏழு மணி உங்களுக்குக் காலை 7.30 அல்லது 8.30. அதனால் ஓரிகன், வாஷிங்டன், கலிபோர்னியா பக்கம் நடத்துபவர்களாகப் பார்த்துத் தேடுங்கள், அங்கேயும் நல்ல ஓல்ட்-டைம் கூட்டம் இருக்கிறது. அமர்வைப் பதிவு செய்து அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். பலர் அனுப்புகிறார்கள், அனுமதி கேட்காமல் நீங்களாகப் பதிவு செய்ய வேண்டாம். இப்போதைக்கு ஏ-இ-ஏ-இ சுருதி வைத்து ஓல்ட் ஜோ கிளார்க்கின் முதல் பகுதியை மட்டும், 70 அடி வேகத்தில், நாலு விரற்கடை வில்லில் வாசித்து ஒரு பதிவு எடுத்து இங்கே போடுங்கள். நிஷாதத்தையும் வில்லையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.